சுவரடிப் பட்டை

பழைய கடைவீடுகளைப் புதுப்பிப்போருக்காக அச்சிடப்பட்ட தமிழ்த் துண்டறிக்கை ஒன்றில், ‘பாவாடைப் பலகை கதவைவிட மெலிந்திருக்க வேண்டும்’ என்று படித்தேன். சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓடும் ஸ்கர்ட்டிங்கின் தடிமன், கதவைச் சுற்றியுள்ள சட்டத்தின் தடிமனுக்குள் அடங்கவேண்டும், இல்லையேல் அதன் முனை துருத்திக்கொண்டு நிற்கும் என்பதே சொல்லவந்த செய்தி.

‘ஸ்கர்ட்’ பழைய நார்சு மொழிவழி ஆங்கிலத்திற்கு வந்து, முதலில் உடையையும் பின்னர் எதன் ஓரத்தையும் குறித்தது; ஸ்கர்ட்டிங் அந்த ஓரப்பொருளில் பிறந்தது. அமெரிக்கர் பேஸ்போர்டு என்பர்.

பாவாடையைச் சிரித்து ஒதுக்கிவிடலாம். பேஸ்போர்டுக்கு நேரான ‘அடிப்பலகை’ அப்படியன்று, தமிழாகத் தோன்றுவதால் கேள்வியின்றிப் பரவுகிறது. அடிப்பலகை என்றால் பெட்டிக்கோ கட்டிலுக்கோ அடியில் கிடக்கும் பலகைதான் நினைவுக்கு வரும். இதுவோ எதற்கும் அடியில் கிடப்பதன்று, சுவரை ஒட்டி நிற்பது. அது பலகையாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. நம் பழைய வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் அது தரையோடு சேர்த்து வார்த்த டெரசோ, அதாவது கற்சில்லுகளைச் சிமெண்டில் கலந்து வார்த்து மெருகேற்றியது. வேறு வீடுகளில் சிமெண்டு, பளிங்கு, தரைக்கல். பெயரே மரம் என்று அடித்துச் சொல்வதால், தண்ணீர் விட்டுக் கழுவும் சமையலறைக்கும் அழுத்திய மரத்தூள் பலகையைப் பதித்துவிட்டு, அதன் கீழ்விளிம்பு ஊதிச் சாயம் உரிந்தபின் வேலையை ஏற்றுச் செய்த குத்தகையாளரை நொந்துகொள்வார்கள். அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர், தம் வீட்டுச் சுவரின் காலடியை ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்.

‘சுவரடிப் பட்டை’ என்பதே என் தெரிவு. அது இடத்தையும் வடிவத்தையும் சொல்லி, எப்பொருளால் ஆனது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. கோயில் அதிட்டானத்தின் (அடித்தளத்தின்) உறுப்பொன்றைப் பட்டிகை என்று வழங்கும் மரபும் இதற்குத் துணை நிற்கும். பட்டை என்றால் ‘எவ்வளவு அகலம்?’ என்ற கேள்வியும் உடன் எழும், பழைய வீட்டில் முதலில் கேட்கவேண்டியதும் அதுதான். 2.6 மீட்டர் உயர அறைக்கு 75 முதல் 100 மில்லிமீட்டர் போதும், அதையே 3.5 மீட்டருக்கு மேல் உயர்ந்த கடைவீட்டு மாடியறையில் பதித்தால், கரை மெலிந்த வேட்டிபோல் சுவர் வெறிச்சோடும். அங்கே 150 முதல் 200 வரை தாராளமாகப் போகலாம், கதவுச் சட்டத்தின் அகலத்தையும் பார்த்துக்கொண்டு.

என் சொல் பிடிக்காதவர் ஸ்கர்ட்டிங் என்றே எழுதட்டும், கடைக்காரருக்காவது புரியும்.