ஹிஸ்டீரியா என்றால் வெறியா?

போன வாரம் ஒரு ஆவணப்படம் பார்த்தேன். 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், சேலம் கிராமத்தில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றியது. (நம் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் தங்கள் ஊரை ‘செய்லம்’ என்கிறார்கள். எபிரேயத்தில் அமைதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். நல்ல அமைதி!) தமிழில் சப்டைட்டில் இருக்கிறதே என்று ஆசையாக உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடத்தில் ‘ஒருவரின் பொறாமை ஊரையே கூட்டு வெறியில் தள்ளியது’ என்று ஒரு வரி ஓடியது. சற்று நேரத்தில் மறுபடி ‘கூட்டு வெறி’. படம் முடிவதற்குள் பதினொரு முறை. ‘மாஸ் ஹிஸ்டீரியா’வுக்கு, அதாவது பயமும் பதற்றமும் ஒரு கூட்டத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதற்கு, அவர்கள் போட்ட தமிழ் அது.

இந்தக் கூட்டு வெறியை முன்பும் சந்தித்திருக்கிறேன். ஏதோ ஒரு பள்ளியில் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தார்கள் என்ற செய்தியில், ‘மாஸ் ஹிஸ்டீரியா எனப்படும் கூட்டு வெறி’ என்று எழுதியிருந்தார்கள். மயங்கி விழுந்த பிள்ளைக்கு வெறி என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் அம்மா சும்மா விடுவாரா? அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். சோம்பல்.

சரி, முதலில் மூலச்சொல். கிரேக்கத்தில் ‘ஹிஸ்டெரா’ என்றால் கருப்பை. கருப்பை உடலுக்குள் இடம்விட்டு இடம் அலைவதால்தான் பெண்களுக்கு மூச்சடைப்பும் வலிப்பும் வருகின்றன என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இதை நரம்பு சார்ந்த நோயாகப் பார்த்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இந்தப் பெயரையே கைவிட்டது. மருத்துவத்தில் செத்த சொல் பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கிறது. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

ஆனால் ஒரு கிளைக்கதையை விட மனமில்லை, ஏனென்றால் அது நேராகச் சூனிய வழக்குக்கே போகிறது. 1602இல் லண்டனில் மேரி குளோவர் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. எலிசபெத் ஜாக்சன் என்ற கிழவியின் சூனியம்தான் காரணம் என்று வழக்குப் போட்டார்கள். எட்வர்ட் ஜோர்டன் என்ற மருத்துவர், இது சூனியமில்லை, கருப்பை சார்ந்த இயற்கையான நோய் என்று நீதிமன்றத்தில் சொன்னார். நீதிபதி ஏற்கவில்லை, கிழவிக்குத் தண்டனை கிடைத்தது. ஜோர்டன் விடாமல் மறு ஆண்டே தன் வாதத்தைச் சிறு நூலாக அச்சிட்டார். ஆக, ஒரு காலத்தில் இந்த நோய்க் கருத்து குற்றம் சாட்டப்பட்ட ஒருத்தியைக் காப்பாற்றும் முயற்சிக்கும் பயன்பட்டிருக்கிறது. ‘யார்மீதும் பழி போடாதீர்கள், இவளுக்கு உடம்பு சரியில்லை’ என்பது அதன் பொருள். அதைத்தான் நாம் ‘வெறி’ என்கிறோம்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

முதலில் ‘கூட்டு’. கூட்டுறவு, கூட்டுக்குடும்பம், கூட்டுச்சதி, கூட்டறிக்கை. எல்லாவற்றிலும் பலர் தெரிந்தே சேர்ந்து செய்வது என்ற பொருள் இருக்கிறது. (அவரைக்காய்க் கூட்டை விட்டுவிடுவோம்.) சேலம் மக்கள் கூடிப் பேசி முடிவெடுத்தா பயந்தார்கள்? ஒருவர் பயம் இன்னொருவருக்குத் தொற்றியது. ‘கூட்டு’ என்றதுமே அது சதியாகிவிடுகிறது.

‘வெறி’ இன்னும் மோசம். பணவெறி, சாதிவெறி, மதவெறி, கொலைவெறி, குடிவெறி என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வெறிக்கு எப்போதும் ஒரு இலக்கு உண்டு. அது ஒன்றை நோக்கிப் பாயும். ஹிஸ்டீரியாவில் மனிதன் ஒன்றிலிருந்து விலகி ஓடுகிறான். அவன் கையில் கட்டை இருக்கலாம், வாயில் கூச்சல் இருக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது பயம். வெறிநாய் துரத்தும்போது தெருவே அலறி ஓடுகிறது. ஹிஸ்டீரியா அந்தத் தெருவுக்கு வந்தது, நாய்க்கு வந்தது அல்ல.

இதைத் தமிழாசிரியரான நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் விடவில்லை. “ஐயா, வெறியாட்டு எங்கே போயிற்று?” என்றார். நியாயமான கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். சங்கப் பாடல்களில் மகள் மெலிந்து வாடுவதைப் பார்த்த தாய், முருகன் அணங்கியதோ (பிடித்து வருத்தியதோ) என்று பயந்து, முருகனின் பூசாரியான வேலனை அழைப்பாள். வேலன் களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, வெறியாடுவான், அதாவது சாமியாடுவான். நண்பர் சொன்னது இது: சேலத்திலும் பெண்பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஏதோ வந்தது, மருத்துவர் தீய சக்தியின் வேலை என்றார், ஊர் பலி தேடியது. அப்படியே வெறியாட்டுத்தானே?

நல்ல வாதம். ஆனால் கூர்ந்து பார்த்தால் அது எனக்குத்தான் சாட்சி. அந்தப் பாடல்களில் வெறி வேலனுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல. அவளுக்கு இருப்பது காதல், அது தோழிக்குத் தெரியும். நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி முருகனையே பார்த்து, நீ கடவுளாக இருந்தாலும் இரு, நிச்சயம் அறியாதவன்தான் என்கிறாள். இவள் நோய்க்குக் காரணம் தெரியாமல் வந்து நிற்கிறாயே என்பதுதான் விஷயம். தவிர, சங்க காலத்தில் ‘வெறி’க்கு நறுமணம் என்றும் பொருள் உண்டு. அந்த நியாயப்படி கூட்டு வெறியைக் கதம்பம் என்று மொழிபெயர்க்கலாமா? இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பொருளை இன்றைய சப்டைட்டிலில் யாரும் படிக்கப் போவதில்லை.

‘வெறி’யின் பெரிய தீங்கு வேறு. அது கூட்டத்தின் மேல் பழியைப் போட்டு, தனி ஆளைத் தப்பவிடுகிறது. அந்த ஆவணப்படமே ஒருவரின் பொறாமையைப் பற்றித்தான் பேசியது. அதனால் சேலத்தில் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1692 ஜனவரியில் பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டில், ஒன்பது வயது மகளுக்கும் பதினொரு வயது உறவுக்காரப் பெண்ணுக்கும் இழுப்பும் அலறலும் வந்தன. விரைவில் தாமஸ் புட்னம் வீட்டிலும், பன்னிரண்டு வயது மகள் ஆனுக்கு. முதலில் மாட்டியவர்கள் பாரிஸ் வீட்டு அடிமை டிட்யூபா, பிச்சையெடுத்து வாழ்ந்த சாரா குட், சாரா ஆஸ்பர்ன். இந்த ஆஸ்பர்னின் முதல் கணவர் உயிலில், நிலம் மகன்களுக்குப் போய்ச் சேருவதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புட்னம் குடும்பத்தாரிடம் இருந்தது. ஆஸ்பர்ன் அந்த நிலத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாமஸ் புட்னத்தின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. (கிரேக்கர்கள் கலக்கத்தைக் கருப்பையில் வைத்தார்கள், நாம் பொறாமையை வயிற்றில் வைத்தோம். இடம் பக்கத்துப் பக்கம்தான்.) அப்பா இரண்டாம் திருமணம் செய்தார். 1686இல் இறந்தபோது, குடும்ப வீடும் நல்ல நிலமும் இரண்டாம் மனைவிக்கும் அவர் மகன் ஜோசப்புக்கும் போயின. தாமஸ் உயிலை எதிர்த்துப் பார்த்தார், தோற்றார். மனைவியின் அப்பா சொத்திலும் எதிர்பார்த்தது வரவில்லை. 1690இல் தம்பி ஜோசப், புட்னம்களுக்கு ஆகாத போர்ட்டர் குடும்பத்தில் பெண் எடுத்தார். பொறுக்க முடியாமைதான் பொறாமை. ‘பொறு’ என்ற வினையின் எதிர்மறை அது. இவருக்கு அளவெடுத்துத் தைத்த சொல்.

வியப்பு என்னவென்றால் தம்பி ஜோசப்பின் மேலோ சிற்றன்னையின் மேலோ குற்றச்சாட்டே வரவில்லை. மாட்டியவர் ரெபெக்கா நர்ஸ், 71 வயது, ஊர் மதித்த பக்தர். அவர் கணவர் மரத்தட்டு செய்து பிழைத்தவர், 1678இல் 300 ஏக்கர் பண்ணை ஒன்றைத் தவணையில் வாங்கி மேலே வந்தவர். புட்னம்களுக்கும் ரெபெக்காவின் பிறந்த வீட்டாருக்கும் எல்லைத் தகராறு வேறு. சிற்றன்னை மேல் காட்ட முடியாத ஆத்திரம் இந்தக் கிழவி மேல் இறங்கியது என்று 1970களில் இரண்டு வரலாற்றாசிரியர்கள் வாதிட்டார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்குப் பாதி நம்பிக்கை. ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை: அந்த வழக்குகளின் வாக்குமூலங்களில் ஏராளமானவை தாமஸ் புட்னத்தின் கையெழுத்தில் இருக்கின்றன. ரெபெக்காவை ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றார்கள். பிள்ளைகள் அலறினார்கள், நீதிபதி மறுபடி யோசிக்கச் சொன்னார், தீர்ப்பு மாறியது. ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள். மொத்தம் பத்தொன்பது பேர் தூக்கில், ஒருவர் கல்லடுக்கி நசுக்கப்பட்டு. சிறையிலேயே இறந்தவர்களில் ஆஸ்பர்னும் ஒருவர்.

இதில் யாருக்கு வெறி? உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியவரின் கை நடுங்கியதாகத் தெரியவில்லை. ஊர் மட்டும் நடுங்கியது. அதற்கும் காரணம் இருந்தது. வடக்கு எல்லையில் போர், ஊரில் பாதிரியார் சம்பளத் தகராறு, பழைய ஆட்சியுரிமைச் சாசனம் போய்ப் புது ஆட்சி வராத காலம். ஒருவர் பொறாமை மட்டும் ஊரை ஆட்டிவிடாது. ஏற்கெனவே காதை விறைத்து நின்ற மந்தை அது.

மந்தை என்றதும் சொல் தானாக வந்து நிற்கிறது: மிரட்சி. ஒரு மாடு மிரண்டால் பக்கத்து மாடு எதற்கென்று கேட்காது, அதுவும் மிரளும். இழுத்துக்கொண்டு ஓடும், எதிரில் வந்தவரை மிதிக்கும். மிதித்ததற்காக அதை வெறிபிடித்த மாடு என்று யாரும் சொல்வதில்லை, மிரண்டுவிட்டது என்பார்கள்.

இந்தச் சொல்லின் மேல் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வரக் காரணம் இலக்கணம். மிரள் தன்வினை, மிரட்டு பிறவினை. உருள், உருட்டு போல. சுருள், சுருட்டு போல. ஊர் மிரண்டது என்று சொன்னவுடன், மிரட்டியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே காத்திருக்கிறது. வெறி அப்படிக் கேட்காது. வெறி தானாகப் பிடிக்கும், யாரும் பொறுப்பில்லை.

மற்ற போட்டியாளர்கள்? ‘பீதி’யை நான் வெறுக்கவில்லை, வடசொல் என்பதற்காகத் தள்ளவும் இல்லை. ஆனால் வங்கியில் பணம் போய்விடுமோ என்ற பீதியும் இதுவும் ஒன்றல்ல. பீதியில் உடம்பு இழுக்காது. ‘இசிவு நோய்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தனி ஆளின் வலிப்புக்கு அது பொருந்தும், ஊருக்குப் பொருந்தாது. ‘மருட்சி’தான் உண்மையான போட்டி. பொருள் அல்லாததைப் பொருள் என்று உணர்வதே மருள் என்று 351ஆம் குறள் சொல்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவியின் ஆவி வந்து கிள்ளியது என்று பிள்ளைகள் சொன்னதை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொண்டதே, அதற்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது. ஆனாலும் மருட்சியைக் கவிஞர்கள் மான்விழியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தூக்குமேடைக்கு அது ஒத்துவராது. மிரட்சி தெருவில் இருக்கிறது. மாஸ் ஹிஸ்டீரியாவுக்கு ‘ஊர்மிரட்சி’ என்பேன். பள்ளியில் நடந்தால் ‘கூட்டமிரட்சி’. ‘கூட்ட’ என்றுதான் எழுத வேண்டும், ‘கூட்டு’ வேண்டாம்.

அந்தப் படத்தின் மொழிபெயர்ப்பாளரிடம் இன்னும் சில கணக்குகள் பாக்கி இருக்கின்றன. வழக்கு விசாரணையை ‘சூனியக்காரி சோதனை’ என்று எழுதியிருந்தார், என்னவோ மருந்து பரிசோதிப்பது போல. தூக்கிலிடப்பட்டவர்களை ஓரிடத்தில் ‘எரிக்கப்பட்டனர்’ என்றார். சேலத்தில் ஒருவரைக்கூட எரிக்கவில்லை. ‘சூனியக்காரி’யே அரைகுறைப் பொருத்தம்தான். நம்மூரில் காசு கொடுத்துச் செய்வினை வைக்கச் சொல்பவர்கள் தேடிப்போகும் ஆள் அது. அங்கே அது சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவர் என்ற குற்றச்சாட்டு. அதற்கு நல்ல சொல் என்னிடமும் இல்லை, அதனால் அவரைக் குறைசொல்ல மாட்டேன். மற்ற இரண்டுக்கும் மன்னிப்பு இல்லை.

படத்தின் கடைசியில் ஆன் புட்னம் வருகிறார். அப்பா அம்மா இருவரும் 1699இல் இறந்துவிட்டார்கள். 1706இல் தேவாலயத்தில் எழுந்து நிற்கிறார், அவருடைய மன்னிப்புக் கடிதத்தைப் பாதிரியார் படிக்கிறார். சாத்தான் தன்னை ஏமாற்றிவிட்டான், யார்மீதும் கோபத்தாலோ தீய எண்ணத்தாலோ செய்யவில்லை என்கிறது கடிதம். ரெபெக்காவையும் அவருடைய இரண்டு சகோதரிகளையும் குறிப்பாகச் சொல்லி வருந்துகிறது. அந்த இடத்திலும் சப்டைட்டில் ‘நான் வெறியில் செய்துவிட்டேன்’ என்றது. அவர் சொன்னதற்கு நேர் எதிர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மிரண்டிருந்தது. எழுதும் கை அப்பாவுடையது.