ரா கோப்பு பத்திரமாக இருந்தது, படம்தான் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, வெகுநாள் முன்பு நான் எடுத்துக் கொடுத்த அவருடைய தந்தையின் படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக அச்சிட்டுத் தர முடியுமா என்று கேட்டார். தந்தை அந்த வாரம்தான் காலமாகியிருந்தார். எனக்கு அந்தப் படம் நன்றாக நினைவிருந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லையில் ஜன்னல் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக விழுந்து கண்ணையே மறைத்திருந்ததால், அடுத்து எடுத்த படத்திலிருந்து கண்ணை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் லேயராகப் பொருத்தி, ஒரு மாலை முழுவதும் செலவிட்ட வேலை அது. ஹார்ட் டிஸ்க்கில் தேடினேன். கேமரா பதிவு செய்த, எந்தத் திருத்தமும் படாத ரா கோப்பு இருந்தது. அதற்கு இரண்டு பிரதிகளும் இருந்தன. அந்தத் திட்டை நீக்கிய லேயர் கோப்பு மட்டும் எங்கும் இல்லை. கணினி மாற்றியபோது டெஸ்க்டாப்பில் கிடந்த ஒரு ஃபோல்டரை நகலெடுக்காமல் விட்டிருக்கிறேன். எஞ்சியது, அன்று செல்பேசி வழியாக அவருக்கு அனுப்பிய சுருக்கப்பட்ட ஜேபெக் ஒன்றுதான். பெரிதாக்கினால் முகம் கட்டங்கட்டமாக உடைந்தது. மறுபடியும் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "அந்தப் படம் மாதிரியேதான் இருக்கிறது" என்றார். அந்த 'மாதிரியே' இன்றும் என் காதில் இருக்கிறது.

எடுத்த படத்துக்குப் பேக்கப் வைக்கும் பழக்கம் இன்று பலரிடமும் வந்துவிட்டது. செய்த வேலைக்குப் பேக்கப் வைக்கிறோமா என்பதுதான் என் கேள்வி. லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருளில் நாம் வெளிச்சத்தைக் கூட்டுவதும் நிறத்தைத் திருத்துவதும் ரா கோப்புக்குள் எதையும் மாற்றுவதில்லை. இன்ன படத்துக்கு இன்ன மாற்றம் என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்பட்டு, படத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குறிப்பின்படி அது மீண்டும் உருவாக்கப்படுகிறது. அதன் ஒரு பதிப்பான லைட்ரூம் கிளாசிக்கில் இக்குறிப்புகள் அனைத்தும் கேட்டலாக் என்ற தனிக் கோப்பில் உள்ளன. படங்கள் ஒரு வட்டிலும் கேட்டலாக் இன்னொரு வட்டிலும் இருப்பது மிகச் சாதாரணம்; ஆகவே படங்கள் உள்ள வட்டை மட்டும் நகலெடுத்து வைப்பவர், வேலையை விட்டுவிட்டு மூலப்பொருளைப் பாதுகாக்கிறார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மென்பொருளை மூடும்போது "பேக்கப் எடுக்கட்டுமா" என்று கேட்குமே, அது கேட்டலாக்கை மட்டுமே நகலெடுக்கிறது, படங்களை அல்ல. அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போன ஒருவரின் வட்டு பழுதானபோது, அவர் கையில் ஆயிரக்கணக்கான படங்களுக்கான திருத்தக் குறிப்புகள் இருந்தன, திருத்துவதற்கு ஒரு படம்கூட இல்லை.

குறிப்புகளை ஒவ்வொரு ரா கோப்புக்கும் பக்கத்திலேயே எக்ஸ்.எம்.பி. என்ற சிறு கோப்பாக எழுதிவைக்கும் வசதி உண்டு. லைட்ரூம் கிளாசிக்கில் அது தானாக இயங்குவதில்லை. அமைப்புகளுக்குள் சென்று நாமே முடுக்கிவிட வேண்டும். சில கிலோபைட் அளவேயான இந்தக் கோப்பை, ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று பலர் குப்பையெனக் கருதி அழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எக்ஸ்.எம்.பி. இருந்தால் போதும் என்று சொல்ல மாட்டேன். ஒரே படத்துக்கு மென்பொருளுக்குள் உருவாக்கிய மாற்றுப் பிரதிகளும், படங்களைத் தொகுத்து வைத்த கலெக்‌ஷன்களும், படிப்படியான எடிட் வரலாறும் அதில் பதிவாவதில்லை. அவை கேட்டலாக்கில் மட்டுமே இருக்கின்றன. இரண்டும் வேண்டும்.

குறிப்பு எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், அதைப் படித்துப் படமாக்கும் மென்பொருள் இருந்தால்தான் அதற்குப் பொருள். ஆப்பிள் நிறுவனத்தின் அபெர்ச்சர் மென்பொருளைத் தொழில்முறைக் கலைஞர்கள் பலர் நம்பியிருந்தனர். அதை மேலும் வளர்க்கப்போவதில்லை என்று 2014-ல் அந்நிறுவனம் அறிவித்தது. 2019-ல் வந்த, மேக் கணினிகளுக்கான கேட்டலினா இயங்குதளத்திலிருந்து அது இயங்கவே இல்லை. வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறியவர்கள் ரா கோப்புகளையும் குறிச்சொற்களையும் கொண்டுபோக முடிந்தது. ஆண்டுக்கணக்கில் செய்த நிறத் திருத்தங்கள் அப்படியே உடன்வரவில்லை. அவர்களில் தப்பித்தவர்கள், முடிந்த படத்தைத் தனிக் கோப்பாக ஏற்கெனவே எழுதிவைத்திருந்தவர்கள்தாம். அதனால்தான், வேலை முடிந்த நாளிலேயே, அது கைமாறத் தகுந்த படமென்றால், 16 பிட் டிஃப் கோப்பாக ஒரு பிரதி எழுதிவைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். டிஃப் 1986-ல் பிறந்த வடிவம். இன்றுவரை அதைத் திறக்காத படமென்பொருளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜேபெக் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பார்ப்பதற்குப் போதும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். 16 பிட்டில் 65,536. நாளை அதே படத்தை வேறொரு தாளில் அச்சிட நேர்ந்து, நிழற்பகுதியைச் சற்றே வெளிச்சமாக்கினால், ஜேபெக்கில் அந்தப் பகுதி பட்டை பட்டையாகப் பிரியலாம். திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேயவும் செய்கிறது. டிஃப்புக்கு விலை இடம்தான்: 24 மெகாபிக்சல் படமொன்று 16 பிட்டில், சுருக்காமல், சுமார் 144 மெகாபைட். எடுத்த எல்லாப் படத்துக்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்த படங்களுக்குச் செய்யச் சொல்கிறேன். தேர்ந்தெடுக்க மனம் வராததுதான் பலரின் உண்மையான பிரச்சினை. எழுதும்போது, எந்த நிறவெளியில், அதாவது எந்த நிற வரம்பில், திருத்தினோம் என்று சொல்லும் நிற விவரக்குறிப்பையும் கோப்புக்குள் பதித்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால், பரந்த நிறவெளியில் திருத்திய படத்தை இன்னொரு கணினி, திரைகளுக்கு வழக்கமான குறுகிய நிறவெளியான எஸ்.ஆர்.ஜி.பி. என்று எண்ணிக்கொண்டு முகங்களைச் சோகை பிடித்ததுபோல் காட்டும்.

லேயர் கோப்புகளைத் தட்டையாக்கி மூலத்தை அழித்துவிடாதீர்கள். லேயருள்ளது ஒன்று, தட்டையானது ஒன்று என இரண்டாக வையுங்கள். எழுத்துரு கிடைக்காமலோ ப்ளக்-இன் இயங்காமலோ லேயர் கோப்பு ஒருநாள் முரண்டுபிடித்தாலும், தட்டைப் பிரதி கைகொடுக்கும்.

எங்கே வைப்பது என்பதற்கு, ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதியைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைப்பு இதில் ஒரே பிரதியாகத்தான் கணக்காகும். ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காமலிருக்க அது உதவும், தவறுதலாக அழித்ததை அது திருப்பித் தராது. கிளவுட் ஒத்திசைவும் அப்படித்தான். நீங்கள் இங்கே அழித்தால் அது அங்கேயும் கடமை தவறாமல் அழிக்கிறது. பணயம் கேட்கும் வைரஸ் பூட்டிய கோப்பையும் அதே பொறுப்போடு மேலேற்றுகிறது. பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று கேட்டறியாமல் எந்தச் சேவையையும் பேக்கப் என்று அழைக்காதீர்கள். சுழலும் வட்டு இல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி. வேகமானது, வேலைக்கு உகந்தது. ஆனால் அதில் தரவு மின்னூட்டமாகத் தங்குவதால், மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டிவைக்க அது ஏற்றதன்று.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஓசையில்லாமல் கெடும் கோப்பை. வட்டு பழுதானால் நமக்குத் தெரிந்துவிடும். ஒரு கோப்பின் நடுவே சில பிட்டுகள் மட்டும் புரண்டால் பெயர் அப்படியே இருக்கும், அளவு அப்படியே இருக்கும், திறக்கும் வரை ஒன்றும் தெரியாது. என்னிடமுள்ள ஒரு ஜேபெக்கில் ஒரு குழந்தையின் நெற்றி வரை படம் தெளிவாக இருக்கிறது. புருவத்துக்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம். ஜேபெக்கில் தரவு ஒன்றையொன்று தொடர்ந்து வருவதால் ஓரிடத்துப் பிழை மீதிப் படத்தையே குலைக்க முடியும். சுருக்கப்படாத டிஃப்பில் அதே பிழை சில புள்ளிகளோடு நின்றிருக்கும். அந்தக் கெட்ட கோப்பையே நான் மூன்று ஆண்டுகள் புதிய வட்டுகளுக்கு ஒழுங்காக நகலெடுத்து வந்திருக்கிறேன், நல்ல பிரதி இருந்த பழைய வட்டை அழித்து மறுபயன்பாட்டுக்கும் எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரின் கோப்புகளுக்கு ஷா-256 செக்சம் என்ற, உள்ளடக்கத்திலிருந்து பிறக்கும் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி உள்ளேயே வைக்கிறேன். ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இதைச் செய்யும் இலவசக் கருவிகள் எல்லா இயங்குதளத்துக்கும் உண்டு.

பெயரிடும் முறை அவரவர் விருப்பம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதியது', 'உண்மையான ஃபைனல்' என்ற வம்சாவளிக்கும் முற்றுப்புள்ளி விழும்.

ஆண்டுக்கொருமுறை, வேலை குறைவான ஒரு நாளில், வேறு இடத்தில் இருக்கும் பிரதியைக் கொண்டுவந்து, என் எடிட் கணினியில் அல்லாமல் வேறொரு கணினியில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு இருபது படங்களைத் தேர்ந்தெடுத்துத் திறக்கிறேன். செக்சம்களையும் ஒப்பிடுகிறேன். சென்ற முறை பத்தொன்பது திறந்தன. இருபதாவது லேயர் கோப்பு, அந்தக் கணினியில் இல்லாத எழுத்துரு ஒன்றைக் கேட்டு எச்சரிக்கை காட்டியது. பக்கத்திலிருந்த தட்டை டிஃப்பைத் திறந்தேன். எழுத்துகளும் நிறமும் சரியாக இருந்தன. எழுத்துருவின் பெயரை அந்த ஃபோல்டரின் உரைக்கோப்பில் எழுதிவிட்டு, வட்டைத் திரும்ப அதன் இடத்துக்கு அனுப்பினேன்.