டேலி, ஜிஎஸ்டி வகுப்புக்குக் கடன் வாங்கலாமா? திறன் கடனும் சம்பளக் கணக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பேருந்து நிலையங்களில் நோட்டீஸ் கைக்கு வரும். டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி, அலுவலக நிர்வாகம், ஓராண்டுச் சான்றிதழ், கீழே ‘கடன் வசதி உண்டு’. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் சேருகிறார்கள். அது எந்தக் கடன் என்று கேட்பவர் குறைவு.

தொழிற்பயிற்சிக்கென்று மத்திய அரசு வகுத்த திட்டம் ‘மாதிரித் திறன் கடன்’ (Model Skill Loan). 2015-ல் வந்தபோது 5,000 முதல் 1.5 லட்சம் ரூபாய் வரைதான். 2024 ஜூலையில் உச்சவரம்பை 7.5 லட்சமாக உயர்த்தினார்கள். வங்கிகள் தருகின்றன; 2024 மாற்றத்துக்குப் பிறகு நிதி நிறுவனங்களும் தரலாம். அடமானம் இல்லை, பரிசீலனைக் கட்டணம் இல்லை. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கடன் திரும்பாமல் போனால் வங்கிக்கு ஒரு பகுதியை ஈடுகட்ட அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. அது வங்கிக்கான காப்பு. நம் கடன் அப்படியே நிற்கும். தவணை தவறினால் பிள்ளையின் சிபில் மதிப்பெண்ணோடு பெற்றோருடையதும் இறங்கும். அடுத்த முறை கறவை மாட்டுக்கோ டிராக்டருக்கோ கடன் கேட்கப் போகும்போதுதான் அது தெரியவரும்.

எல்லா வகுப்புக்கும் இது கிடைக்காது. ஐடிஐ, பாலிடெக்னிக், பல்கலைக்கழக இணைப்புள்ள கல்லூரி, அல்லது தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு (திறன் படிப்புகளுக்கான அரசின் தர வரிசை) உட்பட்ட படிப்பையோ, அரசின் ‘ஸ்கில் இந்தியா டிஜிட்டல்’ தளத்தில் சேர்க்கப்பட்ட படிப்பையோ நடத்தும் பயிற்சி மையமாக இருக்க வேண்டும். மையம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழ் சேராது. படிப்பின் பெயரையும் அங்கீகார எண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ‘ஸ்கில் இந்தியா டிஜிட்டல்’ தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

சரி, வட்டிக்கு வருவோம். ஓராண்டுக்குள் முடியும் படிப்பு என்றால், முடித்து 6 மாதம் வரை தவணை கட்ட வேண்டாம். வட்டியும் ஓடாது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஓடும். தனிவட்டியாகச் சேர்ந்துகொண்டே வரும். 60,000 ரூபாய் கடன், 11% வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு ஓராண்டு, அப்புறம் 6 மாதம். ஆக 18 மாதத்துக்கு 9,900 ரூபாய். அசலோடு சேர்த்து 69,900. 50,000-க்கு மேல் 1 லட்சம் வரையான கடனை 5 ஆண்டு வரை திருப்பிக் கட்டலாம். 5 ஆண்டு எடுத்தால் மாதத் தவணை சுமார் 1,520. முடிக்கும்போது கையை விட்டுப் போனது 91,000-க்குச் சற்று மேல்.

இந்த 1,520 பெரிய தொகையா? இதை அளக்க அமெரிக்காவில் செய்த ஒரு விதி உதவும். அங்கே தொழிற்சான்றிதழ் படிப்புகளுக்கு அரசுக் கடன் கிடைக்க வேண்டுமானால், படித்து முடித்தவர்களின் ஆண்டுக் கடன் தவணை அவர்கள் ஆண்டு வருமானத்தில் 8%-ஐயோ, அத்தியாவசியச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கழித்த வருமானத்தில் 20%-ஐயோ தாண்டக்கூடாது என்று 2023-ல் விதி செய்தார்கள். அதோடு, பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போனவரைவிட அவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும். நம் நாட்டில் எந்த மையத்தையும் இப்படி அளப்பதில்லை. நாமே அளந்து பார்க்க வேண்டியதுதான்.

மாதம் 12,000 சம்பளத்தில் 8% என்பது 960 ரூபாய். 1,520 தவணை அந்த அளவுக்குள் அடங்க 19,000 சம்பளம் வேண்டும். இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். இதே பிள்ளை படிக்காமல் ஜவுளிக்கடைக்கோ ஓசூர் கம்பெனிக்கோ போனால் 10,000 கிடைக்கும் என்று வையுங்கள். படிப்பு கொண்டுவந்தது 12,000 இல்லை, 2,000. அதில் தவணை போக மிச்சம் 480. ஓசூரில் அறை எடுத்துத் தங்கினால் அதுவும் இல்லை. படித்த ஓராண்டில் விட்ட சம்பளத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இவை நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். உண்மையான எண்ணை நோட்டீஸில் தேடாதீர்கள். ஊரிலுள்ள ஆடிட்டர் அலுவலகம், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை, கிரானைட் யூனிட், ஓசூர் சிப்காட் பட்டறை என்று நான்கு இடத்தில் கேளுங்கள்: ‘புதிதாக வந்து இ-வே பில் (சரக்கு அனுப்பும்போது வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) போட, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரிந்தவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? அனுபவம் இல்லாதவரை எடுப்பீர்களா?’ மாங்கூழ் ஆலை என்றால் சீசன் முடிந்த பிறகும் வேலை இருக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வட்டி மானியத்தை நம்பிச் சேர வேண்டாம். 4.5 லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பங்களுக்கான மத்திய மானியம் தரச்சான்று பெற்ற நிறுவனங்களின் தொழில்நுட்ப, தொழில்முறைப் படிப்புகளுக்கு. மத்திய அரசின் இன்னொரு கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலக்ஷ்மி, தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களுக்கு. பேருந்து நிலைய மாடியில் நடக்கும் வகுப்புக்கு இரண்டும் பொருந்தாது.

இன்னொன்றில் மிகவும் கவனமாக இருங்கள். சேர்க்கை மேசையிலேயே டேப்லெட்டை நீட்டி ‘வட்டியில்லாத் தவணை’ என்று கையெழுத்து வாங்குவார்கள். அது பொதுவாகத் திறன் கடன் இல்லை, நிதி நிறுவனத்தின் சொந்தக் கடன். பெரும்பாலும் அடுத்த மாதமே தவணை தொடங்கும். படிப்பைப் பாதியில் விட்டாலும் நிற்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி மொத்த ஆண்டுச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கடனே இல்லாத வழிகளை முதலில் பார்த்துவிடலாம். அரசு ஐடிஐயில் கணினி இயக்குபவர் பிரிவு ஓராண்டு. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் வழியாக மாதம் 1,000 வரும். அது ஐடிஐக்கும் பொருந்தும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சு, கணக்கியல் தேர்வுகளும் இருக்கின்றன. தட்டச்சு முடித்தவர் குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கும் போகலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. இலவசப் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று அங்கே கேட்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தபின் கடன் சரிப்படும் என்றால், விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வங்கி மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் எடுத்துச் செல்லலாம். வங்கியிலேயே புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448.