தண்ணீரைப் பழுப்பாக்கும் கருவி எதை அளக்கிறது?

செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பாய்லர் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளப்பது என் அன்றாட வேலை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருந்தாலும் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரில், தண்ணீர் வடிகட்டி விற்க வீடு வீடாக வருகிறவர்கள் செய்து காட்டும் 'சோதனை'யைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்.

இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. வடிகட்டியின் (நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி, கரைந்த உப்புகளைப் பிரிக்கும் இயந்திரத்தின்) தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியை இரண்டிலும் இறக்கி, சுவர் பிளக்கில் செருகுகிறார்கள். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, சேற்று நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் திரள்கிறது. மற்ற டம்ளர் தெளிவாகவே இருக்கிறது. "இதுலதாம்மா பிள்ளைக்குப் பால் கலக்குறீங்க" என்று சொன்ன பிறகு தவணைப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு, மற்றது பெரும்பாலும் அலுமினியம். மின்சாரம் பாயும்போது நேர்மின்வாயாக (பிளஸ் முனையாக) இருக்கும் இரும்பு கரைந்து, தண்ணீரில் உள்ள உயிர்வளியோடு சேர்ந்து துருவாகிறது. ஃபாரடே 1830களில் வகுத்த மின்னாற்பகுப்பு விதிப்படி கணக்கிட்டால், 0.1 ஆம்பியர் மின்னோட்டம் 1 நிமிடம் பாய்வதில் ஏறத்தாழ 1.7 மில்லிகிராம் இரும்பு கரையும். 200 மில்லிலிட்டர் டம்ளரில் அது லிட்டருக்கு 8.7 மில்லிகிராம் ஆகிறது. நம் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரம் இரும்புக்கு அனுமதிக்கும் உச்ச அளவோ 0.3 மில்லிகிராம்தான். ஆக, டம்ளரில் தெரியும் அழுக்கு குழாயிலிருந்து வந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. வடிகட்டித் தண்ணீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்னோட்டமும் மிகக் குறைவு. கம்பி கரையாததால் நிறமும் மாறவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா இதை நம்பவில்லை. "அப்ப என் கண்ணால பாத்தது பொய்யா தம்பி?" என்று கேட்டார். அவருக்காக 12 வோல்ட் மின்வழங்கியில் இரண்டு இரும்பு ஆணிகளை இணைத்து, அவர் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துச் செய்து காட்டினேன். அதுவும் பழுப்பானது. வெளியே எடுத்தபோது ஒரு ஆணி கறுத்து, அரித்துப் போயிருந்தது. மற்ற ஆணி கடையில் வாங்கியபடியே பளபளத்தது. பிறகு குழாய்த் தண்ணீரில் பென்சில் கரிக்குச்சிகளை இறக்கினோம். குமிழிகள் எழுந்தனவே தவிரச் சேறு வரவில்லை. (விற்பனையாளரின் கருவி 230 வோல்ட்டில் நேரடியாக இயங்குவது, அதை வைத்து யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

அளவீடு என்றால் அளக்கப்படும் பொருளை மாற்றாமல் அளக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோல்ராஷ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கரைசல்களின் கடத்துதிறனை மாறுதிசை மின்னோட்டத்தால் (திசையை மாற்றி மாற்றிப் பாயும் ஏசி மின்சாரத்தால்) அளந்ததற்குக் காரணம் இதுதான்: ஒரே திசையில் பாயும் நேர்திசை மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் மின்வாய்களின் பரப்பில் வேதிவினை நடந்து, அளவும் கெடும், கரைசலும் மாறும். ஆலையில் நாங்கள் பயன்படுத்தும் மீட்டரும் மாறுதிசை மின்னோட்டத்தில்தான் இயங்குகிறது. வீட்டு வாசலுக்கு வரும் கருவியோ, சுவர் பிளக்கின் மின்சாரத்தை ஒரே திசையில் பாயச் செய்து, காட்டுவதாகச் சொல்லும் அழுக்கைத் தானே உண்டாக்குகிறது.

விற்பனையாளர்கள் கூடவே கொண்டுவரும் டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் சிறு கருவி) போலியல்ல. ஆனால் அதுவும் கடத்துதிறனை மட்டுமே அளந்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கி 'பிபிஎம்' (ஏறத்தாழ லிட்டருக்கு மில்லிகிராம்) என்று காட்டுகிறது. கால்சியத்தையும் ஈயத்தையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. குடிநீரில் ஈயத்தின் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், ஒன்று ஒன்றாக ஏறும் பேனாவின் திரையில் அது தெரியவே வாய்ப்பில்லை. நுண்ணுயிர்களும் அப்படியே. நம் குடிநீர்த் தரத்தில் டிடிஎஸ் எல்லை 1000 என்றிருக்கும்போது, 80 என்ற எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவதில் பொருளே இல்லை.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் தோட்டத்து வீடுகளின் கதை வேறு. எடுக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் சில மணி நேரம் நின்றதும் தானாகவே சிவந்தால், அந்தத் தண்ணீரில் உண்மையாகவே இரும்பு இருக்கலாம். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் விசாரித்து, முறையான ஆய்வுக்கூடத்தில் இரும்பு, மாங்கனீசு, ஈ. கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்புக்கு முதல் மருந்து ஆர்.ஓ. அல்ல, காற்றூட்டி மணலில் வடிப்பதே. இரும்பு மிகுந்த தண்ணீரை நேராக விட்டால் ஆர்.ஓ. சவ்வுதான் முதலில் அடைபடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இயந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தப் பேனாவால் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மாதம் ஒருமுறை ஒரே வெப்பநிலையில் அளந்து எழுதி வையுங்கள், ஏனெனில் 1 பாகை செல்சியஸ் கூடினால் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடும். உள்ளே போவது மாறாதிருக்க, வெளியே வருவதன் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால் சவ்வை மாற்றும் நேரம் வந்துவிட்டது.