மகளிர் ‘இரட்டையர்’ யார் பெற்ற பிள்ளைகள்?

செக் நாட்டு வீராங்கனைகள் கரோலினா பிளிஸ்கோவாவும் கிறிஸ்டினா பிளிஸ்கோவாவும் 1992 மார்ச் 21 அன்று ஒன்றாகப் பிறந்தவர்கள். இருவரும் சேர்ந்து டென்னிஸ் ஆடினால் நம் செய்தியாளர் எப்படி எழுதுவார்? “மகளிர் இரட்டையர் பிரிவில் இரட்டையர் வெற்றி.” வில்லியம்ஸ் சகோதரிகள் ஆடினாலும் அதே ‘இரட்டையர்’தான். வீனஸ் பிறந்தது 1980, செரீனா பிறந்தது 1981. ‘கலப்பு இரட்டையர்’ என்பதைக் கேட்கும்போது இது மகப்பேறு மருத்துவத்தில் வரும் சொல்லோ என்றே தோன்றுகிறது.

‘மகளிர் இரட்டையர்’ என்பதன் பொருள் எளியது. வலையின் இருபுறமும் இரண்டிரண்டு பெண்கள் நின்று ஆடும் போட்டி. தனி ஆட்டத்தில் 8.23 மீட்டராக இருக்கும் களத்தின் அகலம் இதில் 10.97 மீட்டர். அமெரிக்கத் தேசியப் போட்டியில் 1889 முதலும் விம்பிள்டனில் 1913 முதலும் நடந்துவருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘டபுள்ஸ்’ என்று பெயர். இருமடங்கு என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அது ஆட்டத்தின் பெயரே தவிர ஆடுபவரின் பெயர் அல்ல. நாம்தான் இரண்டு, இரட்டு, இரட்டை என்று சரியாக வந்துவிட்டு, கடைசியில் தேவையில்லாமல் ஓர் ‘அர்’ சேர்த்தோம். அது சேர்ந்ததும் ஒரு வயிற்றில் ஒன்றாய்ப் பிறந்தவர் என்ற பொருள் முந்திக்கொண்டது. ‘ஒற்றையர்’ அதற்கு இயைபாகக் கட்டிய சொல். கொஞ்சம் அவசரமாக வாசித்தால் ஒற்றர் ஆகிவிடும்.

இரட்டைப் புலவர்களைக் காட்டி வாதாடுவோர் உண்டு. இளஞ்சூரியரும் முதுசூரியரும் உடன்பிறந்தவர்கள் கூட இல்லையே, அத்தை மகனும் மாமன் மகனும்தானே என்பார்கள். நல்ல வாதம்தான். ஆனால் அவர்கள் ஏன் ‘இரட்டை’ ஆனார்கள்? ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடவாது. ஒருவர் தோளில் மற்றவர் அமர்ந்து ஊர் ஊராகப் போனார்கள், ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார் என்கிறது மரபு. பிரிக்க முடியாமல் வாழ்ந்ததால் வந்த பெயர் அது. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியமும் சொல்கிறது. சலசல என்பதில் பாதியை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை.

டென்னிஸில் நிலைமை நேர்மாறு. செக் வீராங்கனை கட்டெரினா சினியாக்கோவா, பார்போரா கிரெய்ச்சிக்கோவாவோடு சேர்ந்து ஏழு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் வென்றார். 2024 பிரெஞ்சு ஓபனை கோகோ காஃபோடு வென்றார், அடுத்த மாதமே விம்பிள்டனை டெய்லர் டவுன்செண்டோடு வென்றார். சானியா மிர்சாவும் மார்ட்டினா ஹிங்கிசும் தொடர்ந்து 41 ஆட்டங்கள் வென்றவர்கள். அவர்களும் 2016இலேயே பிரிந்துவிட்டார்கள். தரவரிசைப் புள்ளிகூட ஆளுக்கு ஆள் தனித்தனிதான். இரட்டையராய்ப் பிறந்தவர் இப்படி ஆள் மாற்ற முடியுமா?

தமிழில் இதற்கென்றே இருக்கும் சொல் இணை. இணையடி என்றால் இரண்டு பாதங்கள். இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆனால் சேர்ந்து வேலை செய்கின்றன. ‘இணைந்தனர்’, ‘இணை பிரிந்தது’, ‘புதிய இணை’ என்று வினையும் பெயரும் இயல்பாக வருகின்றன. செய்தியின் உள்ளே ‘சானியா - ஹிங்கிஸ் இணை’ என்று எழுதத் தெரிந்தவர்களுக்குத் தலைப்பில் மட்டும் ஏன் தயக்கம்? ‘ஜோடி’யும் புரிகிற சொல்தான், கையில் இணை இருக்கும்போது அது எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஆனால் ‘இணையர்’ வேண்டாம். தூய தமிழ் ஆர்வலர் சிலர் அதைப் பரிந்துரைக்கிறார்கள். கணவன் மனைவியரை இணையர் என்று சொல்வது பரவிவிட்டது. ‘கலப்பு இணையர்’ என்றால் சாதி மறுப்புத் திருமணம் என்றே படும். மறுபடியும் அந்த ‘அர்’தான் வம்பு. தனி ஆட்டம், இணை ஆட்டம், கலப்பு இணை ஆட்டம் என்று ஆட்டத்துக்கே பெயர் வைத்துவிட்டால் தொல்லையில்லை. நம் சொல்: மகளிர் இணை ஆட்டம்.

‘மகளிர்கள்’ என்று எழுதுவோரிடம் இதையெல்லாம் பேசிப் பயனில்லை. மகளிர் என்பதே பன்மை. அடுத்த வரியில் ஆங்கில ‘சீட்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘முதல் விதை’ என்று வேறு எழுதுகிறார்கள், ஆட்டக்காரரை மண்ணில் ஊன்றப் போவதுபோல. போட்டித் தரநிலையில் முதலிடம் என்று எழுத மூன்று சொல் ஆகிறதாம். ஆகட்டுமே. ‘இரட்டைத் தவறு’ என்ற ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம்: சர்வீஸ் அடுத்தடுத்து இருமுறை பிழைப்பதற்கு அந்த இரட்டை சரியாகவே பொருந்துகிறது.