சளி பிடித்தால் இன்ஹேலரை நிறுத்துவதா?

இந்த வாரமும் அதே கதை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூக்கொழுகல். இரண்டு நாள் கழித்து, நடு இரவில் மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "தினமும் எடுக்கிற இன்ஹேலர் என்னாச்சு?" என்றால், "சளியா இருந்துச்சு டாக்டர், சரியானதும் கொடுக்கலாம்னு நிறுத்திட்டோம்." ஆனால் ஆன்டிபயாடிக் சிரப்பை மட்டும் ஒரு வேளைகூடத் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

நிறுத்த வேண்டியதைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதை நிறுத்தியிருக்கிறார்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா திடீரென முற்றும்போது பரிசோதித்தால், பத்தில் எட்டுப் பேருக்குச் சுவாச வைரஸ் கிடைக்கிறது. அதில் முதலிடம் ரைனோவைரஸுக்கு. சாதாரண ஜலதோஷம் தருகிற அதே வைரஸ்தான். 160 வகைக்கு மேல் இருப்பதால் ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்; தடுப்பூசியும் இல்லை. 2006இல் அடையாளம் காணப்பட்ட ‘சி’ பிரிவு, சிறு பிள்ளைகளிடம் கடுமையான வீசிங்கை உண்டாக்குவதில் பேர் பெற்றது.

"சளி நெஞ்சில் இறங்கிடுச்சு, அதைக் கரைச்சு எடுங்க" என்று கேட்காத பெற்றோர் குறைவு. இறங்குவது மூக்குச்சளி அல்ல, வைரஸ். ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் மூச்சுக்குழாயின் உள்சுவரை அது இன்னும் வீங்க வைக்கிறது, குழாய் இறுகுகிறது. அந்த வீக்கத்தைத்தான் தினமும் எடுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர் அடக்கிவைக்கிறது.

அடுத்தது, "சளி மஞ்சளா வருது, அதனால ஆன்டிபயாடிக் வேணும்." நிறத்துக்குக் காரணம் பாக்டீரியா என்று யார் சொன்னது? கிருமியை எதிர்க்க வரும் வெள்ளணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று உண்டு. அவை கூடக் கூடச் சளியும் மஞ்சளாகும், பச்சையாகும். வெறும் வைரஸ் சளியிலும் சில நாளில் இப்படி மாறும். வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. நிமோனியா போன்றவை வேறு கதை. அதை மருத்துவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். (நிறத்தைக் கேட்டதுமே எழுதித் தருகிறவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.)

தினசரி இன்ஹேலரைச் சளி நாட்களிலும் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி, மருந்தை நிதானமாக உள்ளிழுக்க உதவும் குழாய்) வைத்தே கொடுங்கள். சளி பிடித்தால் எந்த மருந்தைக் கூட்டுவது, எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது என்று பிள்ளை நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். வீட்டுக்குள் புகைக்கிறவரை, தயவுசெய்து, நீங்களே கண்டியுங்கள்.

உடனடி நிவாரண இன்ஹேலரின் பலன் நான்கு மணி நேரம்கூட நிற்கவில்லை, விலா இடுக்குகள் உள்வாங்குகின்றன, ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள்.