நார்தெக்ஸ்: சொல் விளக்கம்

கிரேக்க நாட்டுக் கல் தேவாலயங்களைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தச் சொல் வந்துவிடும். மேற்கு வாசலில் நுழைந்ததும், வழிபாட்டுக் கூடத்துக்கு முன்னால் குறுக்கே கிடக்கும் ஒடுக்கமான அறைதான் நார்தெக்ஸ். பலிபீடம் கிழக்குக் கோடியில் இருக்கும். இது மேற்குக் கோடியில்.

ஆதியில் இது ஒரு செடியின் பெயர். சோம்புக் குடும்பத்துச் செடி, ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். காய்ந்த தண்டின் உட்பகுதியில் தீ வைத்தால் அணையாமல் மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். கிரேக்கப் புராணத்தில் வரும் புரோமிதியஸ், தேவர்களிடமிருந்து திருடிய நெருப்பை இந்தத் தண்டில்தான் ஒளித்துக் கொண்டுவந்தான் என்கிறார் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட். அப்புறம் தைலமும் மருந்தும் வைக்கும் பேழைக்கு அந்தப் பெயர் போனது. அலெக்சாண்டர் ஹோமரின் இலியத் காவியப் பிரதியை வைத்திருந்த பேழையும் நார்தெக்ஸ்தான். நீண்டு ஒடுங்கிய வடிவத்தால் தேவாலய அறைக்கும் அதே பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். இன்றைய கிரேக்கர் 'நார்திகாஸ்' என்பார்கள். எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டும் தப்பைக்கும் அதுவே பெயர்.

திருமுழுக்குக்குக் காத்திருப்பவர்களும் பாவத்துக்காகத் தவம் செய்பவர்களும் முற்காலத்தில் இங்கேதான் நின்றார்கள். திருமுழுக்குச் சடங்கு இன்றும் மரபுப்படி இங்கே தொடங்குகிறது. மேற்கே திரும்பிச் சாத்தானை மறுக்க வேண்டும். பிறகு கிழக்கே திரும்பிக் கிறிஸ்துவை ஏற்க வேண்டும். இந்த அறை எதற்கு என்பது அந்த ஒரு திரும்பலிலேயே விளங்கிவிடும். வருகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றித் திருவுருவத்தை முத்தமிடுவதும் இங்கேதான்.

நடு கிரேக்கத்தின் போயோத்தியா பகுதியில் ஆர்கோமெனோஸ் ஊரின் ஸ்கிரிபூ தேவாலயத்தில் நார்தெக்ஸைப் பார்க்கலாம். லியோ என்ற அரசு அதிகாரி 873–74இல் கட்டியது. கல்வெட்டே அதைச் சொல்கிறது. கற்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்தவை. பழந்தூண்களின் துண்டுகள் சுவரில் பதிந்திருப்பது வெளியிலிருந்தே தெரியும். ஆனால் சின்னக் கிராமத் தேவாலயங்கள் பலவற்றில் நார்தெக்ஸே கிடையாது. பிற்பாடு சேர்த்துக் கட்டிய இடங்களில் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் கோடு சில சமயம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தாழ்வாரம் என்றால் ஒரு பக்கம் திறந்த இடம் என்ற எண்ணம் வரும். இதுவோ பெரும்பாலும் சுவர் சூழ்ந்த அறை. இடைகழி நெருங்கி வருகிறது, ஆனால் அது வாசலிலிருந்து நேரே உள்ளே போகும். கோயில் கட்டடக்கலையில் ஏற்கெனவே புழங்கும் 'முகமண்டபம்'தான் என் தேர்வு. சில தேவாலயங்களில் எக்சோநார்தெக்ஸ், எசோநார்தெக்ஸ் என இரண்டு உண்டு. அவற்றை வெளி முகமண்டபம், உள் முகமண்டபம் என்று எழுதலாம்.